காஞ்சிக்கு ஆங்கில இலக்கணம் வந்த கதை

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார், சரித்திரமா இருந்தா நல்லது" என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். காஞ்சிபுரத்துக்காரனிடம் சரித்திரம் கேட்டால் பல்லவரில் தொடங்குவான், ஏகாம்பரநாதர் கோபுரத்தைச் சுற்றுவான், பட்டுச்சேலையில் கொண்டுவந்து முடிப்பான். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடிய பெரியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் நம் கல்லூரியில் படித்துவிட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே என் தொழிலின் சரித்திரத்தையே எழுதுகிறேன்.

"கிராமர்" என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கிய காலம் நம்மில் பலருக்கு உண்டு. மேஜர் பாடத்தில் முதல் வகுப்பு வாங்கியவன், பார்ட் டூ இங்கிலீஷில் அரியர் வைத்துக்கொண்டு அடுத்த வருஷமும் பரீட்சை ஹாலில் வந்து உட்கார்ந்திருப்பான். இந்த மலரைப் படிக்கும் இன்றைய மாணவர்களிலும் அப்படிச் சிலர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்: இது உங்கள் புத்தியின் குறை அல்ல. அந்த இலக்கணம் நம்மிடம் வந்து சேர்ந்த வழியில்தான் சிக்கல் இருந்தது. அந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

இலக்கணம் நமக்குப் புதிதா?

இலக்கணம் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு அல்ல. காஞ்சியில் கடிகை என்ற பெரிய கல்விக்கூடம் இருந்தது. கடம்ப வம்சத்தை நிறுவிய மயூரசர்மன் தன் குருவோடு இங்கே படிக்க வந்தான் என்று கர்நாடகத்துத் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. வடமொழியில் காவ்யாதர்சம் என்னும் அணியிலக்கணம் எழுதிய தண்டி, பல்லவர் காலத்துக் காஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர். 18ஆம் நூற்றாண்டுக்கு வந்தால், காஞ்சிப் புராணம் பாடிய சிவஞான முனிவர் இருக்கிறார். தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதல் சூத்திரத்துக்கும் மட்டுமே தனியாக ஒரு விருத்தி எழுதியவர். நன்னூல் உரையையும் திருத்திச் செப்பம் செய்தவர். ஒரே ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் வாதம் செய்த ஊர் ஐயா இது!

பெயர், வினை, இடை, உரி என்று சொல்லை நான்காகப் பிரிப்பதும், எட்டு வேற்றுமை சொல்வதும், ஒரு பதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று உடைத்துப் பார்ப்பதும் திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தமிழ் படித்தவர்களுக்குப் பழக்கம். பின்னால் இங்கிலீஷ் வகுப்பில் "பார்சிங்" என்று ஒன்று வந்ததே, ஒவ்வொரு சொல்லும் என்ன ஜாதி, வாக்கியத்தில் அதற்கு என்ன வேலை என்று சொல்வது, அதற்கு அண்ணன் முறை நம் சொல்லிலக்கணம்.

துபாஷியும் பள்ளிக்கூடமும்

ஆங்கிலம் இங்கே முதலில் புத்தகமாக வரவில்லை, வியாபாரமாக வந்தது. கம்பெனிக்காரருக்கும் நம் ஜனங்களுக்கும் நடுவே நின்று பேசியவர்களுக்குத் துபாஷி என்று பெயர். இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். கிடங்கிலும் கச்சேரியிலும் காதால் கேட்டு, வாயால் பேசி, கணக்கு எழுதிப் பழகிய ஆங்கிலம் அவர்களுடையது. அப்படி ஒரு துபாஷிதான் பச்சையப்ப முதலியார். 1794இல் காலமானார். அவர் எழுதிவைத்த உயிலின் தர்மப் பணம் வழக்குகளில் பல வருஷம் சிக்கி, கடைசியில் அதிலிருந்து 1842இல் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் பிறந்தது. அதுவே வளர்ந்து 1889இல் கல்லூரியானது.

இதற்குள் நம் ஊரில் ஒரு காரியம் நடந்துவிட்டது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். இன்றைய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அதுதான். இரண்டு வருஷத்தில், 1839இல், காஞ்சிபுரத்தில் அதன் கிளை ஒன்றைத் திறந்தார். இன்றைக்கும் ஆண்டர்சன் பள்ளி என்றால் ஊரில் யாரும் வழி காட்டுவார்கள். மிஷன் பள்ளியில் ஆங்கிலத்தோடு பைபிளும் பாடம். பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும், ஆனால் மதம் மாறிவிடக் கூடாது என்று நினைத்த பெற்றோர் வேறு பள்ளி கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பச்சையப்பர் அறநிலையப் பள்ளிகள் வந்தன. காஞ்சிக்கும் ஒன்று கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். துபாஷி முதலில் பேசினார், இலக்கணம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு இலக்கணம் முதலில் வந்தது, பேச்சு வரவே இல்லை. ஏன்? 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டு, மெட்ரிகுலேஷன் பரீட்சை வந்தது. மெட்ரிகுலேஷன் தேறினால் குமாஸ்தா வேலை, மேற்படிப்பு. பரீட்சையில் பேசச் சொல்ல முடியாது, விதி கேட்கலாம், மார்க் போடலாம். ஆகவே விதியே பாடமாகிவிட்டது.

யாருக்கு எழுதிய புத்தகம்?

19ஆம் நூற்றாண்டில் உலகம் முழுக்கச் சுற்றிய ஆங்கில இலக்கணம் லிண்ட்லி மர்ரே எழுதியது. 1795இல் வெளிவந்தது. அமெரிக்காவில் பிறந்து, வக்கீல் தொழில் பார்த்து, இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் குடியேறியவர். அந்த ஊரில் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காகத்தான் அதை எழுதினார். அந்தப் பெண்பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலமே பேசுகிறவர்கள். தெரிந்த பாஷையைத் திருத்தமாகப் பேசுவதற்கான புத்தகம் அது. தெரியாத பாஷையைக் கற்றுக்கொள்வதற்கான புத்தகம் அல்ல.

அடுத்தவர் நெஸ்பீல்டு. வட இந்தியாவில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிய இலக்கண வரிசை இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. நம் தாத்தாக்கள் "நெஸ்பீல்டு கிராமரைக் கரைத்துக் குடித்தவன்" என்று ஒருவரைப் பாராட்டினால் அது பெரிய பட்டம்.

அதற்கும் பிறகு, 1930களின் நடுவில், நமக்கெல்லாம் தெரிந்த ரென் அண்டு மார்ட்டின் வந்தது. "ஹைஸ்கூல் இங்கிலீஷ் கிராமர் அண்டு காம்போசிஷன்" என்பது அதன் முழுப்பெயர். ரென் என்பவர் பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் இருந்தவர். 1924இல் "போ ஜெஸ்ட்" என்ற சாகச நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றவரும் இவரே. இவர் பெயர் போட்ட கிராமர் புத்தகத்தைப் பார்த்து நடுங்கினவர்களில் எத்தனை பேருக்கு இவர் பாலைவனப் பட்டாளக் கதை எழுதினவர் என்று தெரியும்? அந்தப் புத்தகமும் முதலில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியதே என்பார்கள். பின்னால் பிரசாத ராவ் என்பவர் திருத்தி அமைத்தார். இன்றும் அச்சாகிக்கொண்டு இருக்கிறது.

நல்ல புத்தகங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பையனுக்காக ஒருவரும் எழுதவில்லை. அவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்று அந்த ஆசிரியர்களுக்குத் தெரிய வழியில்லை.

இரண்டு இலக்கணம் தெரிந்தவர்கள்

அப்படியானால் அந்தக் காலத்தில் யாரும் தேறவில்லையா? தேறினார்கள், சிங்கம் மாதிரி தேறினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். அவர்களில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. அவரே பிற்பாடு தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். ஆங்கிலத்தில் முதலாவதாக வந்தவரும், தமிழ் இலக்கணத்தைக் காப்பாற்றியவரும் ஒரே ஆள்! ஒரு பாஷையின் இலக்கணம் நெஞ்சில் பதிந்துவிட்டால் அடுத்த பாஷைக்கு அது ஏணி.

நம் ஊர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியுமா? 1909இல் காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, இங்கே பச்சையப்பன் பள்ளியில் படித்தவர். நடுவில் படிப்பை நிறுத்திக் கொஞ்ச நாள் நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாகக்கூட இருந்தார். பிறகு சென்னைக்குப் போய்ப் படிப்பை முடித்தார். 1962இல் மாநிலங்களவையில் அவர் ஆங்கிலத்தில் பேசியதும், முதலமைச்சராக இருந்தபோது 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கௌரவித்ததும் எல்லோரும் அறிந்ததே.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்லாத மேடை கிடையாது. "பிகாஸ்" என்ற சொல் மூன்று தடவை சேர்ந்தாற்போல் வருகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று யாரோ கேட்டார்களாம். "நோ சென்டென்ஸ் என்ட்ஸ் வித் பிகாஸ், பிகாஸ் பிகாஸ் ஈஸ் எ கன்ஜங்ஷன்" என்று அண்ணா அடித்தாராம். நடந்த இடம் எது என்பதற்கு ஆளுக்கொரு கதை. நடந்ததோ இல்லையோ, அதில் இருக்கிற இலக்கணத்தைப் பாருங்கள். முதல் பிகாஸும் மூன்றாவது பிகாஸும் சொல்லுக்குப் பெயராக நிற்கின்றன, அதாவது பெயர்ச்சொல். நடுவில் வருவது மட்டுமே "ஏனென்றால்" என்று பொருள் தருகிற இணைப்புச் சொல். ஒரே சொல் செய்கிற வேலையை வைத்து ஜாதி மாறுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. "எந்த வாக்கியமும் பிகாஸில் முடியாது" என்று சொல்கிற பகுதியே பிகாஸில்தான் முடிகிறது! பெயராக நிற்பதால் அது செல்லும். தமிழில் "ஆனால் என்பது இடைச்சொல்" என்று சொல்லும்போது "ஆனால்" பெயராக நிற்கிறதே, அதே சங்கதிதான்.

27,000 வாத்தியார்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு பள்ளிகள் பெருகின. படிக்காத வீட்டுப் பிள்ளைகள் முதல் தடவையாக வகுப்புக்குள் வந்தார்கள். பழைய முறை இனி எடுபடாது என்று அரசுக்கும் புரிந்தது. 1959இல் சென்னை ராஜ்யத்தில் ஒரு பெரிய முயற்சி ஆரம்பமானது. ஆரம்ப நிலையில் ஆங்கிலம் நடத்துகிற ஏறக்குறைய 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது திட்டம். பிரிட்டிஷ் கவுன்சிலும் கைகொடுத்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அவர்கள் மேலும் பலருக்கு என்று உருட்ட உருட்டப் பெருக்கும் பனியுருண்டை போல இருந்ததால் "மெட்ராஸ் ஸ்னோபால்" என்றே வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் இதை அழைத்தார்கள்.

அந்தப் பயிற்சியில் சொன்னது இதுதான்: விதியைச் சொல்லாதே, வாக்கிய அமைப்பைக் காட்டு. வாத்தியார் கதவை நோக்கி நடந்துகொண்டே "ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்" என்பார். பேனாவைத் தூக்கிக் காட்டி "திஸ் ஈஸ் எ பென்" என்பார். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். என் வயதுக்காரர்கள் பலருக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். நல்ல முறை. ஆனால் கை மாறிக் கை மாறி வரும்போது சாரம் குறைந்து, கடைசியில் வெறும் கோரஸ் பாட்டாக நின்றுபோன வகுப்புகளும் உண்டு.

இருபது வருஷம் கழித்து இன்னொருவர் வந்தார். என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும், நம் பக்கம் சென்னையிலும் கடலூரிலும் சில சாதாரணப் பள்ளி வகுப்புகளில் ஒரு பரிசோதனை செய்தார். இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து "இந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டி எப்போது?" என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். வரைபடம் கொடுத்து வழி கேட்பார்கள். பிள்ளையின் கவனம் முழுக்க விடை கண்டுபிடிப்பதில் இருக்கும், இலக்கணம் பின்வாசல் வழியாக உள்ளே நுழையும். வெளியிலிருந்து வந்து மதிப்பிட்டவர்கள் பொதுவாக நல்ல பலன் என்றே சொன்னார்கள். பழைய முறை வகுப்பு தன் பாணித் தேர்விலும், புதிய முறை வகுப்பு தன் பாணித் தேர்விலும் நன்றாகச் செய்தன. இரண்டு பக்கமும் சாராத தேர்வுகளில் பிரபுவின் பிள்ளைகள் கை ஓங்கி இருந்தது. உலகம் முழுக்க இன்று ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இந்தப் பரிசோதனையைப் படிக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். இது துபாஷி கற்றுக்கொண்ட வழிதானே? காரியம் முதலில், இலக்கணம் அதன் பின்னால்.

தறிக்குழியில் நின்றுபோனவர்கள்

இதெல்லாம் வெறும் போதனாமுறை விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது என்பது உங்களுக்குத் தெரியும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. பெரியவர் தறிக்குழியில் உட்கார, பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள ஒரு கை வேண்டும். பல வருஷ காலம் அந்தக் கை ஒரு சின்னப் பையனுடையதாகவோ பெண்ணுடையதாகவோ இருந்தது. வறுமைதான் முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் "இங்கிலீஷ் வரல சார், அப்பா தறிக்கே வந்துடுன்னு சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணக்கில் புலி, தமிழில் நல்ல மார்க், ஆங்கிலத்தில் 28. ஒரு பாடம் போனால் பரீட்சையே போச்சு. யார்க் நகரத்துப் பெண்களுக்கு எழுதிய விதி, காஞ்சிபுரத்துப் பையனின் தலையெழுத்தை எழுதிவிட்டது.

தறிக்காரன் மகனுக்கு நாலு பாடம்

இன்றைய மாணவர்களுக்காக, ரென் அண்டு மார்ட்டினில் இல்லாத முறையில் நாலே நாலு விஷயம் சொல்கிறேன். நான் வகுப்பில் சொல்லிப் பலன் கண்டவை.

ஒன்று, சொல் வரிசை. "பையன் புலியைப் பார்த்தான்", "புலியைப் பையன் பார்த்தான்", இரண்டும் தமிழில் ஒன்றே. "ஐ" உருபு காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை, இடமே உருபு. "தி பாய் சா தி டைகர்" என்பதில் இடம் மாற்றினால் புலி பையனைப் பார்த்துவிடும்! தமிழில் சொல் வரிசை ஊடை மாதிரி, நாம் போடுகிற பக்கம் ஓடும். ஆங்கிலத்தில் அது பாவு. கட்டியது கட்டியபடி நிற்கணும்.

இரண்டு, காலம். ஒரு நெசவாளியிடம் "என்ன செய்யறீங்க?" என்றால் "நெய்யறேன்" என்பார். தொழிலைச் சொல்கிறாரா, இந்த நிமிஷம் செய்வதைச் சொல்கிறாரா? தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் தொழில் என்றால் "ஐ வீவ்". இப்போது நாடா ஓடிக்கொண்டிருந்தால் "ஐ ஆம் வீவிங்". இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் டென்ஸ் பயத்தில் பாதி போய்விடும்.

மூன்று, "எ"யும் "தி"யும். பாட்டி கதை சொல்வதைக் கேளுங்கள். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி." முதல் தடவை வரும்போது "ஒரு", தெரிந்த பிறகு "அந்த". அதேதான் "எ", பிறகு "தி". எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் தொடங்க இது போதும்.

நான்கு, அந்தப் பொல்லாத "எஸ்". வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறோம், வருகிறார்கள் என்று இத்தனை விகுதிகளை மூன்று வயதில் வாத்தியார் இல்லாமல் கற்றவர்கள் நீங்கள். ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்காலத்தில் ஒரே இடத்தில்தான் வால் முளைக்கும், "ஹி கம்ஸ்", "ஷி கம்ஸ்", "இட் கம்ஸ்". ஏழு விகுதியைச் சுமந்தவனுக்கு ஒரு "எஸ்" பாரமா?

நாம் செய்யக்கூடியது

2012-13இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருமளவில் வந்தன. கையில் செல்போன் வந்துவிட்டது, அகராதி சட்டைப்பையில் இருக்கிறது. இருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு இன்றும் குறைவது ஒன்றுதான்: தப்பாகப் பேசினாலும் சிரிக்காமல் கேட்க ஒரு ஆள். துபாஷிக்குக் கிடங்கு இருந்தது, பிரபுவின் பிள்ளைகளுக்கு ரயில் அட்டவணை இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு காரியம் வேண்டும், ஒரு துணை வேண்டும்.

நம் சங்கத்தில் வங்கியில், ரயில்வேயில், வெளிநாட்டில், பட்டு ஏற்றுமதியில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், முதலாண்டு மாணவர் ஐந்து பேரோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசினால் போதும். கிராமர் நடத்த வேண்டாம். ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகிறது, கூலி எவ்வளவு, வெளியூர் ஆர்டருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தையே பேசச் சொல்லுங்கள். இந்த ஆண்டுக் கூட்டத்தில் சங்கம் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் ஐந்து பேரை என்னிடம் அனுப்புங்கள்.

வளர்க நம் கல்லூரி! வாழ்க நம் மாணவச் செல்வங்கள்!